ஈசான மூலையில் ஒரு கட்டம்

நான் பணி ஓய்வு பெற்றபோது எனக்கு வயது இருபத்தைந்து. இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. திருப்பாதிரிப்புலியூரில், செயற்கைப் புல்தரை அமைத்துத் தரும் நிறுவனமொன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, முதுகலைத் தமிழ் படிப்பதற்காக விலகியபோது, அலுவலகச் சுவரில் கட்டியிருந்த பேனர் அப்படிச் சொன்னது. இரு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் என் புகைப்படம், மேலே ‘பணி நிறைவுப் பாராட்டு விழா’. கடையில் அந்த ஒரு வடிவம்தான் தயாராக இருந்ததாம்.

“வார்த்தைய மாத்தணும்னா நாளைக்குத்தான் கெடைக்கும்னாம்மா. வேலைய முடிச்சிட்டுத்தான போற, இதுல என்னா தப்பு?” என்றார் முதலாளி.

தப்பு எதுவும் இல்லை. சால்வை போர்த்தினார்கள். சுவர்க்கடிகாரம் தந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், இனிமேல் உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி அக்கறையோடு சொன்னார்.

ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு கடமை உண்டு. இளையவர்கள் கேட்டால் பழையதைச் சொல்ல வேண்டும். சென்ற வாரம் நஸ்ரின் தொலைபேசியில் அழைத்தாள். நான் இருந்த நாற்காலியில் இப்போது இருப்பவள், பரங்கிப்பேட்டைக்காரி. வரைபடத்தில் ஒரு கோடு காரணமில்லாமல் கிடந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

“அக்கா, ஒரு டவுட்டு. நம்ம மண்டப டிராயிங் எல்லாத்துலயும் ஈசான மூலையில சின்னதா ஒரு கட்டம் கெடக்குது. உள்ள ‘களிமண்’ணு எழுதியிருக்கு. களிமண்ண எடுக்கறதுக்குத்தான நாமளே போறோம்?”

“ஆமா.”

“அப்பறம் ஏன் அத மட்டும் உட்டு வெக்கிறோம்? பில்டிங் இன்ஜினியர் வேஸ்டுங்கறாரு. அழிச்சிரட்டுமா?”

“பெலிக்ஸ் சாரக் கேட்டியா?”

“கேட்டேன். ‘அந்தக் கதைய அந்தம்மாவே எழுதட்டும், நான் சொன்னா ஒழுங்கா வராது’ன்னுட்டு ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.”

ஆகவே எழுதுகிறேன்.

இளங்கலைத் தமிழ் முடித்த ஒருத்தி இந்தத் தொழிலுக்கு வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. நிறுவனம் அனுப்பும் கடிதங்கள் வாடிக்கையாளர்களுக்குப் புரியவில்லை. நல்ல தமிழில் எழுத ஆள் வேண்டும் என்றார்கள். மேசையும் மின்விசிறியும் கிடைக்கும் என்று நம்பிப் போனேன். முதல் வாரமே ஒரு பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தி, “எழுதறதுக்கு முன்னால இத ஒரு தடவ பாத்துருங்க மேடம்” என்றார் பெலிக்ஸ் சார். பள்ளத்தில் களிமண் இருந்தது. அதன் பிறகு நான் மேசையில் இருந்த நாட்கள் குறைவு. என் பயிற்சிக் காலத்தின் முழு வரலாறும் இவ்வளவுதான்.

பெலிக்ஸ் சார் எங்கள் சைட் சூப்பர்வைசர். கட்டுமானத்தில் டிப்ளமோ படித்தவர், ஐம்பதைத் தாண்டியவர், கடலூர் முதுநகர்க்காரர். சேற்றுத் தளத்துக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்தான் வருவார். மாலையில் திரும்பும்போது எங்கள் எல்லோர் மேலும் இருக்கும் களிமண் அவர் மேல் மட்டும் இருக்காது. அதற்காக அவர் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. களிமண்ணே அவரிடமிருந்து சற்றுத் தள்ளி நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். யாரையும் அதட்ட மாட்டார். பிழை செய்தவரிடம் போய், “இத யாரு செஞ்சது, நானா?” என்று மெதுவாகக் கேட்பார். செய்தவர் அன்று முழுவதும் சாப்பிட மாட்டார்.

அவருக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒரு தளத்துக்குப் போனவுடன் ஒரு பிடி மண் எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டை செய்து வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைப்பார். அது காய்ந்து வெடிக்கும் விதத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு ஆழம் தோண்டுவது என்று சொல்வார். உருண்டைகள் பிறகு அலுவலக ஜன்னல் விளிம்புக்கு வந்துவிடும். ஊர்ப் பெயர் எழுதிய காகிதத் துண்டுகளோடு அவை வரிசையாக இருப்பதைப் பார்த்து, பிள்ளையார் சதுர்த்திக்கு ஆர்டர் எடுக்கிறீர்களா என்று கேட்டவர்கள் உண்டு. இரண்டாவது வழக்கம், மேசைப்பந்து ஆடும் வெள்ளைப் பந்து ஒன்று. வேலை முடிந்த தரையின் மேட்டுப் பக்கத்தில் அதை வைத்து விரலை எடுப்பார். அது தானாக உருண்டு வடிகால் பக்கம் போய்ச் சேர வேண்டும். வழியில் தயங்கி நின்றால் அந்த இடத்தைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டும்.

கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண்ணில் இந்த வேலை எளிது. மழை பெய்தால் அந்த மண் குடித்துவிட்டு மறந்துவிடும். களிமண் அப்படிப்பட்டதன்று. ஈரம் பட்டால் உப்பி எழும்பும்; காய்ந்தால் சுருங்கி வெடிக்கும்; மேலே நாம் எதைப் போட்டிருந்தாலும் கூடவே அதையும் தூக்கும், இறக்கும். கடலூரில் ஒரு மருத்துவமனை வாசலில் நாங்கள் போட்ட புல்தரை, முதல் கோடையிலேயே சுவரை விட்டு விலகிக்கொண்டது. மருத்துவர் கோபமாக அழைத்தார். பெலிக்ஸ் சார் குனிந்து பார்த்துவிட்டு, “மண்ணு எளச்சிருச்சிங்க டாக்டர்” என்றார்.

“எவ்வளவு எளச்சிருக்கு?”

“வெரலு உள்ள போவுது.”

“முன்னாலயே காட்டியிருக்கணும்” என்றார் மருத்துவர், தம்மை மறந்து. ஓரத்தில் கட்டைச்சுவர் கட்டி, உள்ளே ஈரம் மாறாதபடி பாலித்தீன் விரித்த பிறகு நோயாளி தேறியது.

வாடிக்கையாளர்கள் எல்லோரும் அவ்வளவு எளிதாகத் தேறுவதில்லை. பண்ருட்டியில் ஒரு துணிக்கடைக்காரர், புல் எப்போது வளரும் என்று மாதம்தோறும் விசாரித்தார். அண்ணாகிராமத்தில் ஒரு பெட்ரோல் பங்கின் முகப்பில், வேலை முடிந்த அன்றே ஒரு பசுமாடு வந்து ஒரு வாய் கடித்தது. பிறகு தலையை உயர்த்தி எங்களைப் பார்த்தது. நான் அதுவரை எழுதிய விளக்கக் குறிப்புகள் எதற்கும் அவ்வளவு தெளிவான எதிர்வினை வந்ததில்லை. ஐந்திணை படித்துவிட்டு, எந்தத் திணையிலும் சேராத நிலத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

நஸ்ரின் கேட்ட கட்டம், கலியமூர்த்தி அவர்களின் திருமண மண்டபத்தில் பிறந்தது.

மண்டபம் சிதம்பரத்துக்கு வெளியே, முன்பு நெல் விளைந்த நிலத்தில் நிற்கிறது. பின்புறத் திறந்தவெளியில் வரவேற்பு நடத்த அவர் அசல் புல் வளர்த்திருந்தார். மழைக்காலத்தில் பட்டுப்புடவைகளின் ஓரத்தைச் சேறு தின்றது. கோடையில் வெடித்த தரையில் கால் மாட்டி, ஒரு மாப்பிள்ளையின் தம்பி தாம்பூலத் தட்டோடு விழுந்தார். புதுச்சேரி ஓட்டலொன்றில் செயற்கைப் புல்லைக் கண்ட கலியமூர்த்தி எங்களுக்கு ஆள் அனுப்பினார். ஆடி மாதம், திருமணங்கள் இல்லை, மண்டபம் எங்கள் வசம் வந்தது.

வண்டிக் கண்ணாடிக்குக் கீழே வைத்த உருண்டை மதியத்துக்குள் இரண்டாகப் பிளந்தது. பெலிக்ஸ் சார் இரு பாதியையும் கலியமூர்த்தியின் உள்ளங்கையில் வைத்தார்.

“இது மொடாக்குடி மண்ணுங்க. குடிச்சா எழும்பும். ஒரு சொட்டு உள்ள எறங்கக் கூடாது.”

அவ்வளவு கவனமாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. முழ ஆழத்துக்கும் மேல் களிமண்ணை வாரி எடுத்தோம். அடியில் மிஞ்சிய மண்ணைக் கொத்தி, சுண்ணாம்புத் தூள் கலந்து, இயந்திரத்தால் இடித்து இறுக்கினோம். சுண்ணாம்பு கலந்தால் களிமண்ணின் தாகம் குறையும். அதன்மேல் கனமான பாலித்தீன். அதன்மேல் கம்பளம் போன்ற ஒரு துணி. ஜல்லி களிமண்ணுக்குள் அமிழாமல் அது தாங்கும். நெடுகத் துளையிட்ட பைப்புகளைச் சரிவாகப் பதித்து வெளி வாய்க்காலில் சேர்த்தோம். பெரிய ஜல்லி, சின்ன ஜல்லி, பிறகு கல் அரைத்த கிரஷர் தூள். ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே இறுக்கினோம். கடைசியில்தான் புல் வந்தது. பாய்போல் சுருண்டு வரும் அதைப் பிரித்து, எல்லாச் சுருளின் தாளும் ஒரே பக்கம் சாயும்படி விரிக்க வேண்டும். ஒரு சுருள் திரும்பியிருந்தாலும் வெயிலில் அது தனி நிறமாகக் காட்டிக்கொடுக்கும். இணைப்புகளை அடியில் பட்டை வைத்து ஒட்டி, மேலே மணல் தூவி, துடைப்பத்தால் நிமிர்த்தி வாரிவிட்டோம். பந்து உருண்டது. தயங்காமல் போய் வடிகால் ஓரத்தில் நின்றது.

எங்கள் முதலாளியும் அன்று வந்திருந்தார். கலியமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்து, “நல்லாத்தான் இருக்குது. எழும்பாதுல்ல?” என்று கேட்டார்.

“எழும்பாதுங்க. எழும்புனா அன்னியோட நான் இந்த வேலையில இருக்க மாட்டேன்” என்றார் பெலிக்ஸ் சார்.

யாரும் கேட்காத வாக்கு அது. பந்து நன்றாக உருண்ட மகிழ்ச்சியில் வந்திருக்க வேண்டும்.

என் பங்குக்கு நான் ஓர் அறிவிப்புப் பலகை எழுதினேன். இப்புல்தரையில் தோண்டுதல், ஆணி அறைதல், அடுப்பு மூட்டுதல் ஆகியவை கூடா. அந்தப் பன்மை வினைமுற்றைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஆவணியில் திருமணங்கள் நடந்தன. ஐப்பசியிலும் நடந்தன, மழையும் பெய்தது, ஒருவர் புடவையிலும் சேறு படவில்லை. கார்த்திகையில் கலியமூர்த்தி அழைத்தார்.

“என்னா சார், உங்க தரை முழுகாம இருக்குது போலருக்கு?”

போய்ப் பார்த்தோம். வடகிழக்கு மூலையில் புல்தரை ஒரு பெரிய தாம்பாளத்தைக் கவிழ்த்து மூடியதுபோல் எழும்பியிருந்தது. பெலிக்ஸ் சார் பந்தை எடுத்து மேட்டில் வைத்தார். அது வடிகாலுக்கு எதிர்ப்பக்கமாக, சுற்றுச்சுவரை நோக்கி உருண்டு போனது. அவர் போய்க் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு வெகுநாள் அது வெளியே வரவில்லை.

“தையில எம்பொண்ணு கல்யாணம். ரிசப்ஷன் இந்தத் தரையிலதான். சம்பந்தி வூட்டுல வயசானவங்க ஜாஸ்தி” என்றார் கலியமூர்த்தி. பிறகு, எங்களோடு வந்திருந்த முதலாளி பக்கம் திரும்பி, “உங்க ஆளு ஒரு வார்த்தை சொன்னாரு, ஞாபகம் இருக்குதுல்ல?” என்றார்.

முதலாளிக்கு ஞாபகம் இருந்தது. கலியமூர்த்தியின் மைத்துனர் புதுச்சேரியில் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார் என்பதும் ஞாபகம் இருந்தது. திரும்பும் வழியில் வண்டியில் அவர் சொன்னார்: “பெலிக்ஸு, அவரு நிறுத்துன்னா நான் நிறுத்தித்தான் ஆவணும். நீயே வாயக் குடுத்துட்ட.”

“நிறுத்துங்க. வேலைதான் தப்புன்னா நிறுத்துங்க. என்னா தப்புன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போறேன்” என்றார் பெலிக்ஸ் சார். அவருடைய இரண்டாவது மகள் அப்போது செவிலியர் படிப்பில் முதலாம் ஆண்டு. ஐம்பதைத் தாண்டிய வயதில் அவர் இன்னோரிடத்தில் போய், தரை எழும்பியதால் வெளியேற்றப்பட்டவன் என்று சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அவரோ பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டும்வரை வடிகால் பைப்பின் சரிவைப் பற்றியே பேசினார்.

மறுநாளிலிருந்து விசாரணை. பைப்பில் தண்ணீர் விட்டுப் பார்த்தோம், சரியாக வெளியேறியது. சுற்றுச்சுவரின் அடியைத் தோண்டிப் பார்த்தோம். ஈரம் வெளியிலிருந்து வரவில்லை. மிச்சமிருந்தது மனிதர்கள். மண்டபத்தின் மேலாளர் ஞானசேகரிடம், யாராவது அந்த மூலையில் தோண்டினார்களா என்று கேட்டோம். அவர் புண்பட்டார்.

“மேடம், நீங்க எழுதுன போர்ட நான் மனப்பாடமா வெச்சிருக்கேன். ஐஸ்கிரீம் ஸ்டால்காரன் ஒரே ஒரு ஆணி அடிச்சான், ஆளையே வெளிய அனுப்பிட்டேன். தோண்டறதாவது.”

அலங்காரம் செய்பவர்களைக் கேட்டோம். இல்லை. சமையல்காரரைக் கேட்டோம். தம் இடம் தெற்குப் பக்கம், வடகிழக்கில் தமக்கென்ன வேலை என்றார். மண்டபத்தைப் பெருக்கித் துடைக்கும் செல்வி அக்காவைக் கேட்டோம். முன்பு அசல் புல்லுக்குத் தண்ணீர் விட்டவர் அவர்தான். பிளாஸ்டிக் புல்லுக்கும் தினமும் ஹோஸ் பிடித்து விடுவதை நிறுத்தவில்லை; தூசி அடங்குமாம். “தோண்டவா? என் கண்ணு முன்னாலயா?” என்றார்.

யாரும் பொய் சொல்லவில்லை. அதை இப்போதும் உறுதியாகச் சொல்வேன்.

பெலிக்ஸ் சார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் நான் அதன் ஓரத்தில் மண்டியிட்டேன். எங்கள் புல்லில் மூன்று பச்சைகளும் ஒரு பழுப்பும் கலந்திருக்கும். நான்கையும் எனக்கு நன்றாகத் தெரியும். மேட்டின் மேல் ஐந்தாவதாக ஒரு நிறம் இருந்தது. வெளிறிய, ஈரமான, கொஞ்சம் அசையும் பச்சை. கிள்ளினேன். கிள்ள வந்தது.

“அதுவா?” என்றார் செல்வி அக்கா. “ரெண்டு தடவ புடுங்கிப் போட்டுட்டேன். திரும்பத் திரும்ப மொளைக்குது. நல்ல புல்லுதான் போட்டுருக்கீங்க.”

ஒரே செடியாக இருந்திருந்தால் காற்று கொண்டுவந்த விதை என்று விட்டிருப்பேன். இரு இலை விரித்த பச்சைப்பயறு ஒன்று. பக்கத்தில் உளுந்து. ஊசிபோல் ஒரு நெல். இன்னும் தடிமனாக, தோலைச் சுமந்தபடியே எழுந்த ஒரு மொச்சை. இவை நான்கும் ஒரு சாண் இடத்தில் சேர்ந்து முளைக்க வேண்டுமானால், அவற்றை ஒருவர் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும். இந்தத் தானியங்களைச் சேர்த்து, ஊறவைத்து, மண்ணில் போடும் சந்தர்ப்பம் திருமண வீட்டில் ஒன்றுதான்.

“அக்கா, இந்த மண்டபத்துல பந்தக்கால் எங்க நடுவாங்க?”

செல்வி அக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தார். “இங்கதாம்மா. ஈசான மூலையில்ல? வேற எங்க நடுவாங்க?”

“அதுக்குக் குழி?”

“பந்தல்காரரு கடப்பாரையில போடுவாரு. ரெண்டே போடுதான்.”

“அப்ப தோண்டினாங்களான்னு கேட்டப்ப இல்லன்னு சொன்னீங்களே?”

“ஆமா, யாரும் தோண்டல. பந்தக்காலுதான் நட்டாங்க.”

ஞானசேகரும் அதையே சொன்னார், இன்னும் கண்டிப்பான குரலில். “அது பந்தக்கால் மேடம். அதப் போயி தோண்டுனதுல சேக்கறீங்க.”

எனக்கு விளக்கத் தேவையில்லை. நானும் அந்த ஊர்ப்பக்கத்துப் பெண்தான். மாவிலையும் மஞ்சளும் கட்டிய மூங்கிலை எல்லோருமாகத் தொட்டு நிறுத்துவது திருமணத்தின் முதல் காரியம். முன்பு அவரவர் வீட்டு வாசலில் நட்டார்கள். இப்போது அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வாசலும் இல்லை, மண்ணும் இல்லை; ஆகவே மண்டபத்திலேயே நடுகிறார்கள். அறிவிப்புப் பலகை எழுதும்போது எனக்கே அது தோன்றவில்லை. சடங்கை யாரும் சேதமாக எண்ணிப் பார்ப்பதில்லை.

புல்லைப் பிரித்து மடித்தோம். கடப்பாரை துளைத்த இடங்களைப் புல்லின் தாள்கள் சேர்ந்து மூடி மறைத்திருந்தன. ஆவணியிலும் ஐப்பசியிலும் நடந்த திருமணங்கள் அத்தனையும் அங்கே வட்ட வட்டமாகத் தெரிந்தன. முந்தைய குழி இளகியிருந்ததால் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சாண் தள்ளிப் புதிதாகப் போட்டிருந்தது. கடப்பாரை கிரஷர் தூளை, ஜல்லியை, துணியை, பாலித்தீனைத் தாண்டி, சுண்ணாம்பு கலந்த மண்ணையும் தாண்டி, நேராகக் களிமண்ணில் போய் நின்றிருந்தது. ஒவ்வொரு குழியிலும் பால், பன்னீர், தானியம், மஞ்சள். அதன்மேல் ஐப்பசி மழை. அதற்கும் மேல் செல்வி அக்காவின் ஹோஸ். களிமண் குடித்துவிட்டு எழுந்திருந்தது.

பெலிக்ஸ் சார் மகிழ்ந்துவிடவில்லை. ஒரு குழிக்குள் கையை விட்டு ஆழம் பார்த்தார். “சாயாம எறக்கியிருக்கான். கைகாரன்” என்றார். அவ்வளவுதான்.

கலியமூர்த்தி வந்து நெடுநேரம் பார்த்தார். “பால் ஊத்துனதுலயா இவ்ளோ எழும்புச்சி?” என்றார். குரலில் சினத்தைவிடப் பெருமிதம் கூடுதலாக இருந்தது. பிறகு தை மாதம் நினைவுக்கு வந்தது. “இப்ப எம்பொண்ணுக்கு எங்க நடறது?”

ஞானசேகர் உதவ முன்வந்தார். “பெரிய தொட்டி ஒண்ணுல மண்ணு ரொப்பி நட்டுரலாம் முதலாளி. டெக்கரேஷன் பண்ணிட்டா தெரியாது.”

“தொட்டியிலயா? அது என்னா குரோட்டன்ஸா?”

ஞானசேகர் பின்வாங்கினார்.

“பூமியத் தொடணும்யா. மொதல்ல தரைய சரி பண்ணுங்க. வார்த்தை குடுத்தவரு விஷயத்த கல்யாணம் முடிஞ்சி பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கலியமூர்த்தி போனார். அதாவது பெலிக்ஸ் சாரின் வேலை தை வரைக்கும் பந்தக்காலில் கட்டப்பட்டிருந்தது.

மார்கழியில் திருமணங்கள் இல்லை. சாரும் நாங்களும் அந்த மூலையைப் பிரித்துப் பழையபடி அடுக்கினோம். ஆனால் ஒரு சதுரத்தை மட்டும் அவர் விட்டுவைத்தார். நான்கு பக்கமும் செங்கல் வைத்து, சிமெண்டு பூசி, எங்கள் அடுக்குகளுக்கெல்லாம் கீழேவரை இறக்கினார். உள்ளே பாலித்தீன் இல்லை, சுண்ணாம்பு இல்லை. அசல் களிமண், அடி திறந்தபடி. மண்ணுக்கும் மேல்மட்டத்துக்கும் நடுவே ஒரு முழம் காலியிடம் விட்டார்.

“அது எதுக்கு சார்?”

“எழும்பறதுக்கும்மா. எழும்பட்டும். உள்ளயே எழும்பிக்கட்டும்.”

வாழ்நாளெல்லாம் களிமண்ணுக்குத் தண்ணீர் காட்டாமல் காத்தவர், அதற்குப் பால் ஊற்றுவதற்கென்றே ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தார். மேலே இரும்புத் தகட்டில் மூடி. மூடியின் மேல் அதே புல், அதே சாய்வு. வெற்றொலி கேட்கக் கூடாதென்று அடியில் ரப்பர் ஒட்டினார். விளிம்பு தெரியக் கூடாதென்று தாள்களை ஊசியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டார். முடிந்த அன்று பந்து மறுபடி சட்டைப்பையிலிருந்து வந்தது. மூடியின் மேலேறி, இறங்கி, அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் உருண்டு போனது.

தை மாதம், நல்ல நேரம் பார்த்து எல்லோரும் கூடினார்கள். சம்பந்தி வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். எங்கள் முதலாளி பட்டு வேட்டியில் இருந்தார். மூங்கில் தயார், பால் தயார், ஊறிய தானியம் தயார். ஐயர், “குழியக் காட்டுங்கோ” என்றார்.

குழியைக் காணவில்லை.

ஞானசேகர் ஓரிடத்தைக் காட்டினார்; அங்கே இல்லை. நான் ஓரிடத்தைக் காட்டினேன், இல்லை. மூலையில் எங்கோ, சுவரிலிருந்து சில அடிக்குள் அது இருந்தது. பெலிக்ஸ் சார் செருப்பைக் கழற்றி வெறுங்காலால் தடவி நடந்தார். மண்டியிட்டு விரல் கணுவால் தட்டினார். ரப்பர் ஒட்டியவர் அவர்தான். எல்லா இடமும் ஒரே மாதிரி ஒலித்தது. அந்த வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

“நேரம் ஆயிண்டிருக்கு” என்றார் ஐயர்.

“எங்கனா ஓரெடத்துல போட்டுர்றேங்க” என்று பந்தல்காரர் கடப்பாரையைத் தூக்கினார். சார் எழுந்து அதற்கு நேரே நின்றுகொண்டார்.

“பொண்ணு கல்யாணத்துல வெளாடறீங்களா சார்?” என்றார் கலியமூர்த்தி, பல்லைக் கடித்தபடி.

சார் சுற்றிலும் பார்த்தார். செல்வி அக்கா ஹோஸோடு நின்றிருந்தார். அதன்பின் சார் சொன்னதை, அவரோடு வேலை பார்த்த ஒருவராலும் நம்ப முடியாது.

“தண்ணிய தொறந்து உடுங்கம்மா. நல்லா உடுங்க.”

தண்ணீர் பாய்ந்தது. எங்கள் புல்தரையில் விழுந்த நீர் நிற்காது, ஜல்லிக்குள் இறங்கிவிடும். அது இறங்கிக்கொண்டே போனது. ஓரிடத்தில் மட்டும், இரும்புத் தகட்டின் மேல், இறங்க வழியின்றித் தேங்கியது. புல்லின் நடுவே வெயிலில் மின்னும் ஒரு சதுரம் மெல்லத் தெளிந்து வந்தது. பெண்கள் யாரும் சொல்லாமலே குலவையிட்டார்கள்.

மூடியை நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மூங்கில் களிமண்ணில் இறங்கியது. சுமங்கலிகள் ஒவ்வொருவராகப் பால் வார்த்தார்கள். கடைசியில் கலியமூர்த்தி கிண்ணத்தைப் பெலிக்ஸ் சாரிடம் நீட்டினார்.

“நீங்களும் ஒரு கை ஊத்துங்க.”

“நான் சர்ச்சுக்குப் போறவங்க.”

“தெரியும். எங்கூட்டுக் கல்யாணம், ஊத்துங்க.”

சார் அளவாக ஊற்றினார். அடுத்து ஓர் அம்மாள் சொம்போடு வந்தபோது, தம்மையறியாமல் கையை நீட்டித் தடுத்தார். “போதுங்க. ஜாஸ்தி வேணாம்.”

பிறகு துண்டில் கை துடைத்துக்கொண்டே, எங்கள் முதலாளியும் கேட்கும்படிச் சொன்னார்: “கல்யாணம் முடிஞ்சதும் நான் நின்னுக்கறேங்க. யாரு காரணமா இருந்தாலும் தரை எழும்புச்சில்ல. சொன்னது சொன்னதுதான்.”

“எங்க எழும்புச்சி?” என்றார் கலியமூர்த்தி.

“இந்த மூலையிலதாங்க. நீங்களே பாத்தீங்க.”

“அது பந்தக்கால் சார். அதப் போயி எழும்புனதுல சேக்கறீங்க.”

ஞானசேகர் தலையசைத்தார். செல்வி அக்கா தலையசைத்தார். எங்கள் முதலாளி எல்லோரையும்விட வேகமாகத் தலையசைத்தார். பெலிக்ஸ் சார் மட்டும் ஏதோ மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் யாரோ அவர் கையில் வெற்றிலை பாக்கைத் திணித்துவிட்டார்கள்.

அவர் இன்றும் அந்த நிறுவனத்தில்தான் இருக்கிறார். அந்தக் கட்டம் அதன்பின் எங்கள் மண்டப வரைபடங்கள் எல்லாவற்றிலும் குடியேறியது.

ஆகவே நஸ்ரின், அதை அழிக்க வேண்டாம். பில்டிங் இன்ஜினியருக்குப் புரியாவிட்டால், அவர் வீட்டுத் திருமணத்தில் அவரே பந்தக்காலை எங்கே நட்டார் என்று கேட்டுப் பார். மூடிக்கு இப்போது ஒரு கைப்பிடி வைக்கிறோம். வரைபடத்தில் அது விடுபட்டிருந்தால் சேர்த்துவிடு. கைப்பிடியைப் பச்சை நிறத்தில் மட்டும் வாங்காதே.